எலெக்ஷன் முடியட்டும்

தேர்தல் வந்தால் மூன்று விதமான மனிதர்கள் வெளியே வருகிறார்கள். ஓட்டுக் கேட்பவர்கள் ஒரு விதம். அவர்களைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஓட்டுப் போடுபவர்கள் இன்னொரு விதம். அது நீங்களும் நானும். நம்மைப் பற்றி நாமே பேசுவானேன்? மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் எந்தப் பதவிக்கும் நிற்கவில்லை, கட்சி அவருக்குக் கொடுத்தது சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும் தீராத தொண்டைக்கட்டும்தான், ஆனாலும் தேர்தல் தேதி அறிவித்த நிமிஷத்திலிருந்து சோறு தண்ணீர் மறந்து அலைகிறார். தலைவர்கள் மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டுப் போகும் வாக்குறுதிகளைப் பொட்டலம் கட்டி, ஆளுக்குத் தகுந்த அளவில், வாசல் வாசலாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர் இவர்தான். வாக்குறுதிச் சில்லறை வியாபாரி என்று நான் இவருக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

இவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நாட்டைப் பற்றி ஏதாவது கேளுங்கள், எண்ணோடு பதில் வரும்: "அது இருபத்தி ரெண்டாவது வாக்குறுதிங்க, வந்துடும்." வீட்டைப் பற்றி ஏதாவது கேளுங்கள், இரண்டே சொல்லில் பதில் வரும்: "எலெக்ஷன் முடியட்டும்." சமையலறைக் குழாய் ஒழுகுகிறதா? எலெக்ஷன் முடியட்டும். பல் வலிக்கிறதா? முடியட்டும். போன மாதம் செத்துப்போன சிநேகிதரின் வீட்டுக்கு ஒரு நடை போய்வர வேண்டாமா? பாவம், போன மனிதர் எங்கே ஓடிவிடப் போகிறார், எலெக்ஷன் முடியட்டும்.

நான் நன்றாகக் கவனித்த ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடை வாசலில் ஒரு படி உடைந்திருந்தது. கண் சரியாகத் தெரியாதவர்கள் தேடி வரும் கடையில் உடைந்த படி! வருகிறவர்கள் தடுக்கி விழுந்தே உள்ளே நுழைந்தார்கள். அதற்கும் பதில் உங்களுக்குத் தெரியும்.

ஆனால் தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. படிக்கிற கண்ணாடிக்கு வருபவரை நாற்காலியில் உட்கார வைத்து, அந்த இரும்பு ஃபிரேமை மூக்கில் மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா?" என்று கேட்பார். கையில் பிடித்துப் படிக்க எல்லாக் கடையிலும் ஒரு அட்டை கொடுப்பார்கள். இவர் அதைத் தூக்கி மேஜைக்குள் போட்டுவிட்டு, கட்சியின் தேர்தல் அறிக்கையைக் கொடுத்தார். எழுத்து பொடிசாக இருக்கிறதாம், சோதனைக்குத் தோதாம். ரிட்டையரான தபால்காரர் ஒருவர் வந்தார். பாவம், ஒன்று முதல் பதினேழு வரை உரக்கப் படித்த பிறகுதான் அவருக்குக் கண்ணாடி கிடைத்தது. மூன்றாவது வாக்குறுதியிலேயே தனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது என்று அவர் பின்னால் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மாலை கண்ணாடிக்கடைக்காரர் கட்சி அலுவலகத்தில் அறிவித்தார்: "நம்ம தெருவுல வாக்காளர்கள் தெளிவா இருக்காங்க!"

அறிக்கையில் மொத்தம் முப்பத்தெட்டு வாக்குறுதிகள். அவருக்கு எல்லாம் மனப்பாடம். மாடிப்படி ஏற மூச்சு வாங்குபவருக்குப் பதினான்கு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு ஐந்து, நாய் வளர்ப்பவருக்குக்கூட ஒன்று வைத்திருந்தார்: இருபத்தொன்பது. எதிர்வரிசைத் தையற்காரர்தான் அவருடைய தூக்கத்தைக் கெடுத்தார். அந்த மனிதர் வாயைத் திறக்க மாட்டார். ஆறு வாரமாகக் கண்ணாடிக்கடைக்காரர் தினமும் காலையில் போய் அவர் மிஷினுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முப்பத்தெட்டையும் ஒப்பிப்பார். தையற்காரர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "பாக்கலாம் அண்ணே" என்பார். அவ்வளவுதான்.

முப்பத்தெட்டையும் என்றா சொன்னேன்? தப்பு. முப்பத்தேழு.

முப்பதாவது வாக்குறுதி முடிந்ததும் தையற்கடையில் மட்டும் அவருக்கு ஒரு இருமல் வரும். சின்ன இருமல்தான். அது முடிந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டு பார்த்தால் முப்பத்திரண்டுக்கு வந்திருப்பார். நடுவில் விழுங்கப்பட்ட முப்பத்தொன்று என்ன? ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் சேர்ந்து வாழ்ந்தால் சட்டம் அவர்களைக் குடும்பமாக ஏற்கும். வீட்டு வாடகையிலும் ஓய்வூதியத்திலும் ஆஸ்பத்திரியிலும் மற்றவர்களுக்கு உள்ள உரிமை அவர்களுக்கும் உண்டு. இதுதான் முப்பத்தொன்று.

அவர் அதற்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அதைச் சொன்னால் தையற்காரர் ஓட்டு கைநழுவிவிடுமோ என்ற பயம்தான். கட்சியிலேயே அதற்கு அவரைவிடப் பெரிய ஆதரவாளர் கிடையாது. தெருமுனைக் கூட்டத்தில் முப்பத்தொன்றைப் பற்றி யார் பேசுவது என்று வேட்பாளர் அம்மா கேட்டபோது, அலுவலகத்தில் ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார், ஒருவர் செருப்பைப் பார்த்தார், இளைஞர் அணித் தலைவருக்கு அவசரமாக ஒரு ஃபோன் வந்தது. மேலே போன ஒரே கை நம் கண்ணாடிக்கடைக்காரருடையது. அந்தக் கை உண்மையான கை. மற்றதையெல்லாம் கேலி செய்யும் எனக்கு அந்தக் கையைக் கேலி செய்ய மனசு வரவில்லை. ஏனென்றால் அது தன் மகனை நினைத்துத் தூக்கிய கை.

மனைவி இறந்து நான்கு வருஷம். குடும்பம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரே மகன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மகனோடு ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருந்தார். எப்படி இருந்தார்? யார் கேட்டாலும் கண்ணாடிக்கடைக்காரர் சொல்வது ஒன்றுதான்: "பையனோட ரூம்மேட்." ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீட்டில் ஏழு வருஷமாக ஒரு ரூம்மேட். ஃபிரிட்ஜில் பாதிப் பணம் போட்ட ரூம்மேட், மாமியார் இல்லாத குறையாக மருமகனைப் போல வந்து இவர் வீட்டுப் பரணை ஒழித்துக் கொடுத்த ரூம்மேட். அவருக்கு இவரை எப்படிக் கூப்பிடுவது என்று ஏழு வருஷத்தில் தெரியவில்லை. கடைசியில் "சார்" என்று கூப்பிட்டார், வில்லை மாற்ற வந்தவரைப் போல.

தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மகன் கடைக்கு வந்து கேட்டான்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை உங்க சிநேகிதங்க எல்லாம் சாப்பிட வராங்களாமே. நாங்க ரெண்டு பேரும் வரட்டுமா?"

"தாராளமா வாங்களேன்."

"வந்தா அவனை யாருன்னு சொல்லுவீங்க?"

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு ஃபிரேமை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தார். "இப்ப எதுக்குடா அவசரம்? முப்பத்தொண்ணு வரப்போவுது. சட்டமே சொல்லிட்டா அப்புறம் நான் என்ன தனியா சொல்லணும்? எலெக்ஷன் முடியட்டும்."

மகன் சிரித்தான். உடைந்த படியில் பார்த்துக் கால் வைத்து இறங்கிப் போனான். அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வரவில்லை.

பிறகு, வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை மத்தியானம் லிஃப்ட் மெக்கானிக்கிடமிருந்து ஃபோன் வந்தது. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான், குடல்வால் வீங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது, நாளைக்கு ஆபரேஷன். "ரத்த உறவு ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணுமாம் சார். என்னோடது செல்லாதாம்."

கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியில் இருந்தவரை இரும்பு ஃபிரேமோடு அப்படியே விட்டுவிட்டு ஓடினார். இதையும் சொல்ல வேண்டும்: ஓடினார். பிள்ளைப் பாசத்தில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது.

மகன் ஊசி போட்ட மயக்கத்தில் கிடந்தான். கவுன்டரில் இருந்த பெண்மணி இரண்டு காகிதங்களை நீட்டினார். ஒன்று ஆபரேஷனுக்குச் சம்மதம். அதில் கையெழுத்துப் போட்டார். இன்னொன்று நோயாளியோடு யார் யார் இருக்கலாம் என்ற படிவம். முதல் வரியில் தன் பெயர், உறவு: தந்தை. இரண்டாவது வரியில் லிஃப்ட் மெக்கானிக்கின் பெயரை எழுதினார். அடுத்த கட்டம்: உறவு.

பேனா நின்றது. முப்பத்தெட்டையும் மூச்சுவிடாமல் சொல்பவருக்கு ஒரு சொல் வரவில்லை. லிஃப்ட் மெக்கானிக் பக்கத்தில் நின்று சுவரிலிருந்த கடிகாரத்தை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல்: "என்ன அண்ணே, இங்க?"

தையற்காரர். விரலில் ஊசி ஏறிவிட்டதாம், கட்டு மாற்ற வந்திருக்கிறார். வரிசையில் அடுத்த ஆள் அவர்தான். இவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் படிவம் தெரியும் தூரத்தில் நிற்கிறார்.

கண்ணாடிக்கடைக்காரர் சட்டென்று எழுதினார்: நண்பர்.

பெண்மணி படிவத்தைப் பார்த்தார். "நண்பர்னா சாயங்காலம் நாலுலேருந்து அஞ்சு வரைக்கும்தான் சார் உள்ள விடுவோம். குடும்பத்தார்னா எப்ப வேணா இருக்கலாம்."

இதைக் கேட்டதும் அவருக்கு வந்ததே கோபம், பின்னால் தையற்காரர் நிற்பதுகூட மறந்துபோனது! என்ன அநியாயம் இது? ஏழு வருஷம் ஒன்றாக இருப்பவருக்கு ஒரு மணி நேரமா? மனிதருக்கு மனிதர் மரியாதை இல்லையா? இதற்காகத்தானே கட்சி முப்பத்தொன்றைக் கொண்டு வருகிறது? பையிலிருந்து அறிக்கையை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, கவுன்டரில் வைத்து, விரலால் தட்டிக் காட்டினார். வரிசையில் இருந்த நான்கைந்து பேர் தலையாட்டினார்கள்.

பெண்மணி பொறுமையாகக் கேட்டு முடித்தார். "சார், அந்தக் கட்டத்துல நீங்க என்ன எழுதுறீங்களோ அதுதான் எங்களுக்கு உறவு. நாங்க சட்டப் புத்தகத்தைப் பிரிச்சு வெச்சா பாக்கறோம்? குடும்பம்னு எழுதியிருந்தீங்கன்னா நான் பாட்டுக்கு விட்டிருப்பேன். வேற படிவம் தரட்டுமா?"

அவர் திரும்பிப் பார்த்தார். தையற்காரர் கட்டுப்போட்ட விரலை உயர்த்திப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல வந்து மாத்திக்கறேன்ம்மா," என்றார். லிஃப்ட் மெக்கானிக், "சரிங்க சார்" என்றார்.

வியாழக்கிழமை காலை அவர் வந்தார். படிவத்தை மாற்றினாரா? நான்தான் இருக்கிறேனே, நான் இருக்கும்போது படிவம் எதற்கு என்று நினைத்தார். பதினோரு மணிக்கு ஆபரேஷன், ஐந்து மணிக்குத்தான் அவர் பேசும் தெருமுனைக் கூட்டம். நடுவில் வேண்டிய நேரம் இருந்தது. ஆனால் வேறு ஒரு அவசர கேஸ் வந்து ஆபரேஷனை நாலு மணிக்குத் தள்ளிவிட்டார்கள். மூன்றரைக்குக் கட்சியிலிருந்து ஃபோன்: வேட்பாளர் அம்மா சீக்கிரம் வருகிறார், உடனே புறப்படுங்கள்.

அவர் தயங்கவே இல்லை என்று சொன்னால் பொய். வராந்தாவில் இரண்டு தடவை இப்படியும் அப்படியும் நடந்தார். பிறகு மகனின் நெற்றியில் கை வைத்து, "உனக்காகத்தாண்டா போறேன், ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அவர் பேசிய பேச்சு இருக்கிறதே, அந்தத் தெருமுனை அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. "யாரு யாரோட வாழணும்னு முடிவு பண்ண நீங்க யாரு, நான் யாரு? தன் உயிருக்கு உயிரானவர் உள்ளே கிடக்கும்போது, வாசல்ல ஒருத்தர் அந்நியரைப் போல உட்கார்ந்திருக்கிற கொடுமை இந்த நாட்டுல இனி நடக்கலாமா?" கூட்டம், "கூடாது!" என்றது. வேட்பாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சத்தத்தை நிறுத்தி வைத்திருந்த ஃபோன் அவர் சட்டைப் பையில் பதினோரு தடவை நடுங்கிவிட்டு ஓய்ந்தது.

பேச்சு முடிந்து, கை குலுக்கி, படம் எடுத்து, அவர் ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தபோது மணி ஆறே முக்கால். வார்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுடுச்சு சார். அஞ்சரைக்கு வெளியில கொண்டு வந்தாங்க. ஆறு மணிக்கு முழிச்சுட்டானாம். நர்ஸ் வந்து, குடும்பத்தார் யாராவது இருக்கீங்களான்னு கேட்டாங்க."

"நீ என்னப்பா சொன்னே?"

"எழுந்தேன் சார். அப்புறம் உட்கார்ந்துட்டேன். நேத்து நண்பர்னுதானே எழுதிக் கொடுத்தோம்."

உள்ளே மகன் விழித்திருந்தான். உதடு காய்ந்திருந்தது. அப்பாவின் சட்டையில் இருந்த பேட்ஜை ஒரு பார்வை பார்த்தான். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகத்தான் பேசினான்.

"முப்பத்தொண்ணு வந்தா நல்லதுதான்ப்பா. வராட்டியும், நீங்க வந்திருக்கலாம்."

எந்தக் கேள்விக்கும் எண்ணோடு பதில் வைத்திருந்தவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தாங்கவில்லை. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேடினார். தண்ணீர் அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு. வரிசையில் அவருக்கு முன்னால் தையற்காரர் நின்றார். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து, நகத்திலிருந்த மையை ஊதிக்கொண்டே, ஆறு வாரத்தில் முதல் தடவையாக மனதில் இருப்பதைச் சொன்னார்.

"அண்ணே, உங்க ஆளுக்குத்தான் போட்டேன்."

"அப்படியா! எந்த வாக்குறுதிக்காக?"

"முப்பத்தொண்ணுக்காக. என் தங்கச்சியும் ஒரு டீச்சரம்மாவும் பத்து வருஷமா ஒண்ணா இருக்காங்க. யாராவது அதைப் பத்தி நல்லபடியா ரெண்டு வார்த்தை சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன். நீங்க தினமும் வந்து முப்பது வரைக்கும் சொல்லுவீங்க, நானும் காதைத் தீட்டிக்கிட்டு இருப்பேன், சரியா அப்ப உங்களுக்கு இருமல் வந்துடும். ஆஸ்பத்திரிலதான் முதல் தடவையா உங்க வாயால கேட்டேன். இருமலுக்கு மருந்து சாப்பிடுங்கண்ணே."

அப்புறம் போகிற போக்கில் திரும்பி, "ஆஸ்பத்திரில அந்தத் தம்பியை எதுக்கு நண்பர்னு எழுதினீங்க? தெருவுக்கே தெரியுமே," என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

வேட்பாளர் அம்மா ஜெயித்துவிட்டார். முப்பத்தொன்றை ஆராய ஒரு குழு போட்டிருக்கிறார்கள். குழு எங்கே கூடுவது என்பதை ஆராய இன்னொரு குழு. எலெக்ஷன் முடிந்துவிட்டது, ஒழுகும் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள் மகனுக்குத் தையல் பிரிக்கப் போனார்கள், மூவருமாக. கண்ணாடிக்கடைக்காரர் எல்லோருக்கும் முன்னால் கவுன்டருக்குப் போய் பேனாவைத் திறந்துகொண்டு நின்றார். அதே பெண்மணிதான்.

"படிவம் கொடுங்கம்மா."

"தையல் பிரிக்கப் படிவம் வேண்டாம் சார். யார் வேணா உள்ள போகலாம்."

"பரவால்ல, ஒண்ணு கொடுங்களேன்."

அந்தம்மா அவரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பின்னால் வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் நின்றபடியே எழுதினார். பெயர்: லிஃப்ட் மெக்கானிக்கின் பெயர். உறவு: குடும்பம். கீழே கையெழுத்து, தேதி. எழுதி முடித்து நீட்டினால் பெண்மணி வாங்கவில்லை. "இதை நான் எதோட சேர்த்து வெக்கறது சார்? நீங்களே வெச்சுக்குங்க."

பத்து நாள் முன்னால் எழுதியிருந்தால் ஒருவர் பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே போயிருப்பார். இப்போது அது யாருக்கும் வேண்டாத காகிதம். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் விழித்தார். கடைசியில் லிஃப்ட் மெக்கானிக்கிடமே கொடுத்தார். அவர் வாங்கிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நன்றி" என்று சொல்லவில்லை. "சார்" என்றும் சொல்லவில்லை. "வாங்க, உள்ள கூப்பிடறாங்க," என்றார்.

கதை அவ்வளவுதான். சிரித்தீர்களா? நல்லது. இந்தக் கண்ணாடிக்கடைக்காரர் மாதிரியே எனக்கு ஒரு மாமா இருக்கிறார், எதிர்வீட்டில் ஒருவர் இருக்கிறார், இதை உடனே அவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று கை பரபரக்கிறதா? அனுப்புங்கள், நான் தடுக்கவில்லை. அனுப்பும் முன் ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் நீங்கள் யாரை "நண்பர்" என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்?

வேண்டாம், சத்தமாகச் சொல்ல வேண்டாம். உங்களுக்குப் பின்னால் யாராவது நின்றுகொண்டிருக்கலாம்.